விசாரிக்க வந்தவர்

நாற்பத்தேழு நாள். மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, "செலக்ட் ஆயிட்டீங்க, வெரிஃபிகேஷன் மட்டும் பாக்கி, ரெண்டு வாரத்துல ரிவர்ட் பண்றோம்" என்று எச்.ஆர். மைதிலி மேடம் சொல்லி நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது. பதில் சொல்வதற்கு இந்த ரிவர்ட் என்ற வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் என் கையில் கிடைக்காமல் இருப்பது அவனுக்கு நல்லது. வேலை போன இந்த ஒன்பது மாதத்தில் இருபத்திரண்டு கம்பெனிகள் எனக்கு ரிவர்ட் பண்ணுவதாகச் சொல்லியிருக்கின்றன. ஒன்றுகூடப் பண்ணவில்லை.

என் பெயர் வெற்றிச்செல்வன். வயது முப்பது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஏழு வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பொங்கல் முடிந்த மறுவாரம் எங்கள் லைனையே மூடி, பதினாறு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எனக்குத் தேறிய ஒரே இடம் இந்த மைதிலி மேடத்தின் கம்பெனிதான். செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம், கியர் செய்கிற புது பிளான்ட்.

காத்திருப்பதற்கும் ஒரு வேலைத்திட்டம் வேண்டியிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் காலை பதினோரு மணிக்கு ஒரு மெயில். திங்கள் அனுப்பக் கூடாது, அவர்களுக்கு மீட்டிங் இருக்கும். மத்தியானம் அனுப்பக் கூடாது, சாப்பிட்டுவிட்டுத் தூக்கத்தில் இருப்பார்கள். தலைப்பில் 'ஜென்டில் ரிமைண்டர்' என்று போட வேண்டும். நான் பிறவியிலேயே ஜென்டில் கிடையாது, ஆனாலும் போட்டேன். குளிக்கும்போது போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஜன்னலில் வைத்தேன். மணி அடித்தால் சோப்புக் கையோடு எடுப்பேன். பெரும்பாலும் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்பார்கள்.

இதையெல்லாம் வீட்டில் ஒளிவு மறைவில்லாமல் செய்ய முடிந்திருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். முடியவில்லை. வேலை போன அன்று ராத்திரியே அம்மா சொல்லிவிட்டாள். "ஊட்டாண்ட யாருக்கும் தெரியக் கூடாது. ஜாதகம் ரெண்டு எடத்துக்குப் போயிருக்கு. வேல இல்லன்னு காதுல உழுந்தா எவன்டா பொண்ணு குடுப்பான்?"

அம்மா பேர் பொன்னியம்மா. அயனம்பாக்கத்தில் மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்து, ஜாக்கெட் தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் ஆளுக்கு ஒரு கதையோடு வந்து, ஆளுக்கு இரண்டு கதையோடு போவார்கள். அவர்கள் வாயில் விழக் கூடாது என்பதற்காக நான் தினமும் காலை எட்டு மணிக்கு ஷூ போட்டு, டிபன் டப்பாவோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கீழ் போர்ஷன் எத்திராஜ் அண்ணாவின் ஷேர் ஆட்டோவிலேயே ஏறி எஸ்டேட் வாசலில் இறங்கி, அவர் வண்டி கண்ணை விட்டு மறைந்ததும் நடந்து போய் நூலகத்தில் உட்கார்ந்துகொள்வேன். சாயங்காலம் அலுத்துக் களைத்த முகத்தோடு திரும்புவேன். அந்தக் களைப்பு மட்டும் நிஜம்.

மூன்று வாரம் முன்பு ஒரு நாள் நான் திரும்பியபோது அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"திருமழிசை பொண்ணு ஊட்லேர்ந்து வெசாரிக்க ஆள் அனுப்பியிருக்காங்கடா. நான் லைனிங் துணி வாங்கப் போயிருந்தேன். ராணிதான் பேசியிருக்கா. ஒன்னப் பத்தி அவ்ளோ நல்லதா சொல்லியிருக்கா."

ராணி அக்கா எத்திராஜ் அண்ணாவின் மனைவி. யாராவது விசாரிக்க வந்தால் பார்த்துப் பேசு என்று அம்மா அவளிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண் வீட்டிலிருந்து முகம் தெரியாத ஒருவர் வந்து தெருவில் பையனைப் பற்றிக் கேட்பார். தெருக்காரர்கள் பையனை விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும். பேசாதவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அப்புறம் யாரும் போக மாட்டார்கள்.

அன்றிலிருந்து அம்மாவும் போனைப் பார்க்க ஆரம்பித்தாள். "பொண்ணு ஊட்ல இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்று நாளைக்கு நாலு தடவை. உனக்கும் ஒரு எச்.ஆர். வந்துவிட்டாள் என்று நான் கிண்டல் செய்தேன்.

போன வெள்ளிக்கிழமை, நூலகத்தில் இருக்கும்போது, பத்து நாற்பதுக்கு மைதிலி மேடத்திடமிருந்து மெயில் வந்தது. உடனே திறந்தேன். நாலே வரி. என் முகவரி விசாரணையில் முரண்பாடு இருக்கிறதாம். தற்போது வேலையில் இல்லை என்று நான் படிவத்தில் எழுதியிருக்கிறேனாம். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்வதாகவும், இரண்டு மாதம் முன்புதான் பதவி உயர்வு கிடைத்ததாகவும் சொல்கிறார்களாம். இருக்கிற வேலையை மறைத்திருக்கிறேனா என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் தெளிவுபடுத்த வேண்டுமாம். திங்கட்கிழமை புது பேட்ச் சேர்கிறது. தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இரண்டு தடவை படித்தேன். வெளியே பக்கத்துப் பார்க்குக்கு வந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"அன்னிக்கி விசாரிக்க வந்தாரே, அவர் எப்படி இருந்தாராம்?"

"வெள்ள சட்ட. கையில ஃபைலு. நம்ம இரும்பு கேட்ட போன்ல போட்டோ புடிச்சிகினு போனாராம். ஏன்டா, பொண்ணு ஊட்ல பேசுனாங்களா?"

எந்தப் பெண் வீட்டுக்காரன் வந்து இரும்பு கேட்டைப் போட்டோ எடுப்பான். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அது பொண்ணு வீட்டு ஆள் இல்லம்மா. என் புதுக் கம்பெனி அனுப்பின ஆள்."

அம்மா மெதுவாக, "அப்ப திருமழிசைலேர்ந்து யாருமே வரலியா?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் போனைத் தரையில் அடித்திருப்பேன். அந்த போன்தான் அன்றைக்கு என் சோறு என்பதால் அடிக்கவில்லை.

வந்தவர் ராணி அக்காவின் நம்பரைக் குறித்துக்கொண்டு ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்திருந்தார். அக்காவிடம் ஏதோ சாக்குச் சொல்லி அவர் நம்பரை வாங்கித் தரும்படி அம்மாவிடம் சொன்னேன். அவர் பேர் சம்பந்தம். கூப்பிட்டால் பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது.

"தம்பி, நான் எழுதுனத நானே மாத்த முடியாது. கம்பெனி கேஸை மறுபடி ஓப்பன் பண்ணா வருவேன். இன்னிக்கி பாரிவாக்கத்துல ஒம்போது வீடு கீது. அத்த முடிச்சிட்டு நாலு மணிக்கு நான் ஊத்துக்கோட்டை கிளம்பிடுவேன்." வைத்துவிட்டார்.

மைதிலி மேடத்துக்கு மெயில் போட்டேன். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன், இரண்டு சாம்பல் டிக் விழுந்து அப்படியே நின்றது. பதினொன்றரை. பன்னிரண்டு. ஒன்று. ஒன்றே முக்கால். நாற்பத்தேழு நாள் என்னைக் காக்க வைத்தவர்களுக்கு என் விளக்கம் மட்டும் ஐந்து மணிக்குள் வேண்டுமாம். அதை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லை. கடைசியில் கம்பெனியின் பொது நம்பருக்கு அடித்தேன். ரிசப்ஷனில் ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம் மீட்டிங்ல இருக்காங்க சார். மெசேஜ் சொல்றேன்."

"இதோட ஒம்போது மெசேஜ் ஆச்சும்மா. அவங்க மீட்டிங் முடியறதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வயசே வந்துடும். ஒரே ஒரு தடவை அந்தக் கதவைத் தட்டி, வெற்றிச்செல்வன் பொய் சொல்லலன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் என்னை வேணாம்னு அவங்க சொன்னா நான் போயிடறேன்."

குரல் உயர்ந்துவிட்டது. பார்க்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொலைந்தது என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் "லைன்ல இருங்க" என்றாள். அவள் நன்றாக இருக்கட்டும். இரண்டு நிமிஷத்தில் மைதிலி மேடமே பேசினார்.

நடந்ததைச் சொன்னேன். கல்யாண விசாரணை என்று பக்கத்து வீட்டு அக்கா தப்பாக நினைத்துவிட்டாள் என்றேன். எனக்கே நம்புகிற மாதிரி இல்லை.

"சரி, ஒரு தடவை மட்டும் ரீவிசிட் போடறேன்" என்றார். "அதே லேடியைத்தான் கேட்பாங்க. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி தெரிஞ்சாலும் சரி, அதே பதில் வந்தாலும் சரி, ஃபைலை மூடிடுவேன். ரிப்போர்ட் அஞ்சு மணிக்குள்ள என் சிஸ்டத்துல இருக்கணும்."

அப்போது மணி இரண்டு ஐந்து. சம்பந்தத்துக்கு அடித்தால் எடுக்கவில்லை. அம்பத்தூர் ஓ.டி. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். எத்திராஜ் அண்ணா வண்டி வரிசையில் மூன்றாவதாக நின்றது.

"அண்ணா, பாரிவாக்கம் வரைக்கும் போகணும். ஆபீஸ் வேலை. ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கணும்."

சொல்லும்போதே நாக்கு கூசியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்திருந்த இரண்டு பேரைப் பின்னால் இருந்த வண்டிக்கு மாற்றிவிட்டு, "குந்து நைனா" என்றார். வரிசையை விட்டு வண்டியை எடுத்துவிட்டார்.

திருவேற்காடு தாண்டும்போது தூறல் பிடித்தது. நான் பின்சீட்டின் ஓரத்துக்கு ஒதுங்கி, வாயைக் கையால் மூடிக்கொண்டு அம்மாவிடம் பேசினேன்.

"அந்த ஆளைக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள ராணி அக்காகிட்ட உண்மையைச் சொல்லிடு."

"நான் எப்பிட்றா சொல்லுவேன்? பிரமோசனுக்கு கேசரி கிண்டிக் குடுத்தேனே அவளுக்கு."

"கேசரி எதுக்கும்மா குடுத்த?"

"ஜாக்கெட் தைக்கக் குடுக்கற அந்த சரசா ஒன் வேலையப் பத்தி சும்மா சும்மா கேட்டுகினே இருந்தா. வாய அடைக்கணும்ல. இப்ப போயி எல்லாம் பொய்யின்னு சொன்னா, நாளைக்கு அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? தெருவே காறித் துப்பும்."

"சொல்லலன்னா வேலை போயிடும். இதுவும் போச்சுன்னா அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. என்னால இன்னொரு தடவை முடியாது."

கடைசி வார்த்தை சத்தமாக வந்துவிட்டது. எத்திராஜ் அண்ணா கண்ணாடியில் என்னைப் பார்க்கவில்லை. அம்மா போனை வைத்துவிட்டாள். சொல்வாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

பாரிவாக்கத்தில் புது மனைகளுக்கு நடுவே தெருப் பேர்கூட இன்னும் வைக்கவில்லை. கால் மணி நேரம் சுற்றினோம். சேற்றில் ஆட்டோ இரண்டு தடவை சிக்கியது, இறங்கித் தள்ளினேன். மூன்று மணிக்கு மேல் ஒரு பூட்டின வீட்டு முன்னால் வெள்ளைச் சட்டையும் ஹெல்மெட்டுமாக ஒருத்தர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடி விஷயத்தைச் சொன்னேன்.

சம்பந்தம் போனை எடுத்துப் பார்த்தார். "ஆமா, ஓப்பன் பண்ணியிருக்காங்க. நாளைக்கு வரேனே" என்றார்.

"சார், நாளைக்கு நான் இல்ல சார். லிஸ்ட்ல இல்ல."

என் பேன்ட் முழங்கால் வரை சேறு. அதைப் பார்த்தாரோ என்னவோ, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "ஒண்ணு சொல்லிடறேன். அந்தம்மாவ நான் கேக்கும்போது நீயோ உங்க அம்மாவோ ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசினா 'டியூட்டர்டு'ன்னு எழுதிட்டுப் போயிகினே இருப்பேன்." டியூட்டர்டு என்றால் சொல்லிக்கொடுத்தது என்று அவரே விளக்கமும் சொன்னார்.

அவர் பைக் முன்னால், நாங்கள் பின்னால். அயனம்பாக்கம் வந்து சேர்ந்தபோது மூன்று ஐம்பத்தைந்து. ராணி அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் வாங்க வந்த சரசாக்காவும் இன்னொரு பெண்ணும் மாடிப்படியில் நின்றிருந்தார்கள். அம்மா அவர்களுக்குப் பின்னால், மேல் படியில். நான் அம்மாவைப் பார்த்தேன். சொல்லிட்டியா என்று கண்ணால் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

ராணி அக்காவோ ஆளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க சார், குந்துங்க, இன்னா சாப்பிடறீங்க" என்று எழுந்தாள். இன்னொரு பிரமோஷன் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் வேணாம்மா. நான் பொண்ணு வீட்டு ஆள் இல்ல. கம்பெனி வெரிஃபிகேஷன். போன தடவையே சொன்னேன்."

"ஏதோ வெரிபிகேசன்னுதான் சொன்னீங்க. இப்பல்லாம் பொண்ணு ஊட்டுக்காரங்க டிடெக்டிவ் வெச்சுகூட வெசாரிக்கறாங்களே, அதான்னு நெனச்சேன்."

சம்பந்தம் ஃபைலைத் திறந்தார். "வெற்றிச்செல்வன் இப்ப எங்க வேலை செய்றாரு?"

ராணி அக்கா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "எதுக்குக் கேக்கறீங்க? நல்லதுக்கா கெட்டதுக்கா?"

"அத நான் சொல்லக் கூடாது. தெரிஞ்சதச் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். சேறு பிடித்த பேன்ட்டைப் பார்த்தாள். ஆட்டோவில் சாய்ந்து நின்ற தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு படியில் நின்ற பெண்களைத் தாண்டி மேலே அம்மாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. என் வாயில் உண்மை வந்து நின்றது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சரசாக்கா திரும்பி அம்மா முகத்தையே பார்க்க, அத்தனை பேர் முன்னால் அம்மா மெதுவாகத் தலையை அசைத்தாள். சொல்லு என்று அசைத்தாள்.

"வேல இல்ல சார்" என்றாள் ராணி அக்கா.

"எப்பலேர்ந்து?"

"பொங்கல் கழிச்சி மறுவாரம். எங்கூட்டுக்காரர் வண்டிலதான் போவான். எஸ்டேட்டாண்ட எறங்கி, வண்டி போனதும் லைப்ரரிக்கு நடந்து போவான். மொதல் நாளே அவர் பாத்துட்டாரு. சோத்து டப்பாவ பார்க்ல குந்தி துன்னுவான். மழ பேஞ்சா பஸ் ஸ்டாப்ல நின்னுகினே துன்னுவான். சாயந்தரம் அஞ்சு அஞ்சரைக்கு திரும்ப எஸ்டேட்டாண்ட வந்து நிப்பான். இவரு வேற சவாரிய உட்டுட்டுப் போயி ஏத்திகினு வருவாரு."

சம்பந்தம் எழுதுவதை நிறுத்தி, "இது வேற யாருக்காவது தெரியுமா?" என்றார்.

"தெருவுக்கே தெரியும் சார். இந்த ரெண்டு பேருந்தான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாங்க."

சரசாக்கா தலையைக் குனிந்து சேலை நுனியைச் சரிசெய்தாள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஒன்பது மாதம் அந்த ஆட்டோவில் உட்கார்ந்து, இன்றைக்கு மேனேஜர் திட்டினான், நாளைக்கு ஆடிட் இருக்கு என்று எத்திராஜ் அண்ணாவிடம் எவ்வளவு அளந்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அவர் "உம்" கொட்டியிருக்கிறார். அவரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"அப்ப போன தடவை ஏம்மா மாத்திச் சொன்னீங்க?"

"கல்யாணத்துக்கு வெசாரிக்க வந்தவன்கிட்ட, புள்ளைக்கு வேல இல்லன்னு எவ சார் சொல்லுவா? உங்க ஊட்டாண்ட சொல்லுவாங்களா?"

சம்பந்தம் முதல்முறையாகச் சிரித்தார். "இதையும் எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோ. கையெழுத்து வேணும்னா அதுவும் போடறேன்."

போட்டாள். அதைப் போட்டோ எடுத்து அனுப்பும்போது போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட் இல்லை. சம்பந்தம் கேட்டுக்கு வெளியே போய் போனைத் தூக்கிப் பிடித்தார். தெருமுனை வரை நடந்தார். நான் அவர் பின்னாலேயே நடந்தேன். நாலு இருபது. நாலரை. நாலு முப்பத்தெட்டுக்கு, "போயிடுச்சு தம்பி" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

அதற்கப்புறம் இருந்த பதினாறு நிமிஷத்தில் நான் உட்காரவே இல்லை. மாடியில் அம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. நாலு ஐம்பத்துநாலுக்கு மைதிலி மேடம் கூப்பிட்டார்.

"ரிப்போர்ட் படிச்சேன்" என்றார். "முழுசாப் படிச்சேன். திங்கள் காலைல எட்டரைக்கு வந்துடுங்க. ஆஃபர் லெட்டர் இப்ப மெயில்ல வரும்."

நான் சரி மேடம் என்று மட்டும் சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். நான் நினைத்த மாதிரி அவள் சிரிக்கவும் இல்லை, சாமி படத்துப் பக்கம் போகவும் இல்லை. எழுந்து படியிறங்கினாள். பயந்துபோய்ப் பின்னாலேயே போனேன்.

ராணி அக்கா மறுபடி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் எதிரில் போய் நின்றாள்.

"ஒம்போது மாசமா தெரிஞ்சிகினே கீற. ஒரு வார்த்த என்னைக் கேட்டியா ராணி?"

"கேட்டிருந்தா அதுக்கப்புறம் நீ இந்த வாசல் பக்கம் வந்திருப்பியா?"

அம்மா அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அப்பா செத்தபோது அழுததற்கு அப்புறம் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ராணி அக்கா முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அழுவுறத அப்புறம் பாக்கலாம். வேல இன்னா ஆச்சி, அத்த சொல்லு."

"கெடச்சிடுச்சி" என்றாள் அம்மா.

ராணி அக்கா அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நெசமாவா பொன்னிக்கா?"

"நெசமாத்தான்டி" என்றாள் அம்மா.